46 பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடைக்கு சி.எஸ்.ஆர். வேண்டுமா, வேறு என்ன வேண்டும்?

கேள்வி: வேலூரில் அப்பாவும் சித்தப்பாவும் நடத்தும் ஜவுளிக்கடைக்கு எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்திருக்கிறேன். பார்ட்னர்ஷிப் ஃபர்ம். வருஷ விற்பனை சுமார் 14 கோடி. 46 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 31 பேர் பெண்கள். ஆள் வந்தால் நிற்பதில்லை, அதுதான் பெரிய தலைவலி. அடுத்த வருஷம் காட்பாடியில் இரண்டாவது கடை திறக்கிறோம். ஒரு ஆலோசகர் "இனிமேல் எச்.ஆர். (மனிதவள) மேனுவலும் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பாலிசியும் இல்லாமல் கடை நடத்த முடியாது" என்று சொல்லி, எழுதித் தர ஒன்றரை லட்சம் கேட்கிறார். திருவிழாவுக்கு அன்னதானமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் வருஷா வருஷம் கொடுக்கிறோம். அது சி.எஸ்.ஆரில் வருமா? மனிதவள மேலாண்மையையும் சமூகப் பொறுப்பையும் ஒரு சில்லறை வணிகக் கடை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

பதில்:

தம்பி, சட்டப்படி உங்கள் கடைக்கு சி.எஸ்.ஆர். கடமை கிடையாது. அந்த ஒன்றரை லட்சத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள், வேறு செலவு இருக்கிறது.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுதான் இந்தியாவில் சி.எஸ்.ஆரைக் கட்டாயமாக்கியது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். கவனிக்க வேண்டிய சொல் 'கம்பெனி'. உங்களுடையது பார்ட்னர்ஷிப். நாளைக்கே லாபம் 5 கோடியைத் தாண்டினாலும், கடை பார்ட்னர்ஷிப்பாக இருக்கும்வரை அந்தப் பிரிவு உங்களைத் தொடாது. லாங் பஜார், மெயின் பஜார், காந்தி ரோடு என்று நம் ஊர்க் கடைத்தெரு முழுக்க நடந்து பார்த்தால் பெரும்பாலும் தனிநபர் கடையும் பார்ட்னர்ஷிப்புமாகத்தான் இருக்கும். இந்தக் கடமை உள்ளவை வெளியூரில் தலைமை அலுவலகம் வைத்து, இங்கே கிளை போட்டிருக்கும் பெரிய ஷோரூம் கம்பெனிகள். கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லி அதே பிரிவு சொல்கிறது. ஆனால் பணம் எங்கே போகிறது என்பதைத் தலைமை அலுவலகம்தான் முடிவு செய்யும். இங்கே இருக்கும் கிளை மேனேஜருக்கு அதில் பேச்சு இல்லை.

சி.எஸ்.ஆர். விதிகளில் ஒரு விஷயம் உங்கள் கேள்வியோடு நேராகச் சம்பந்தப்பட்டது. தன் ஊழியர்களுக்காகக் கம்பெனி செய்யும் செலவை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. விளம்பரத்துக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் பணத்தையும் காட்ட முடியாது. ஆக, பெரிய கம்பெனிகளில் ஊழியர் நலன் எச்.ஆர். ஃபைலிலும் ஊர் நலன் சி.எஸ்.ஆர். ஃபைலிலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. கல்லூரிப் பாடத்திலும் அப்படித்தான் இரண்டு பேப்பர். கடையில் நின்று பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்காது. உங்கள் 46 பேரில் பெரும்பாலோர் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி, கே.வி.குப்பம் பக்கத்து ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். ஊர் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, அதில் 46 குடும்பம் தினமும் காலையில் உங்கள் ஷட்டருக்குள் நுழைகிறது.

வருமான வரியும் இதே பக்கம்தான் சாய்கிறது. கம்பெனிகள் சி.எஸ்.ஆருக்குச் செலவழிக்கும் பணத்தை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது. உங்கள் ஊழியர்களுக்காக நீங்கள் செய்யும் செலவு, சாப்பாட்டு அறையோ மருத்துவப் பரிசோதனையோ, முறையான பில் இருந்தால் வியாபாரச் செலவு.

ஆள் நிற்காத விஷயத்துக்கு வருகிறேன்.

"வர்றாங்க, ரெண்டு மாசம் இருக்காங்க, சொல்லாம கொள்ளாம நின்னுடுறாங்க" என்று வேலூர்க் கடைக்காரர் எல்லாரும் சொல்வார்கள். நூறு நாள் வேலையைத் திட்டுவார்கள், செல்ஃபோனைத் திட்டுவார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டுவார்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (ஊழியர் காப்பீடு) வேலை பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் இரண்டு பக்கத்துச் சம்பளப் பட்டியலையும் பார்க்கிறேன். உங்கள் போட்டி எதிர்க்கடை இல்லை, ஷூ கம்பெனி. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத் தோல் காலணித் தொழிற்சாலைகளில் தையலிலும் ஒட்டும் வேலையிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போய், இருட்டும் நேரத்தில் அதே இடத்தில் இறக்கி விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. வேலை கடுமையானதுதான், பசை நெடியும் டார்கெட்டும் லேசில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இது. இன்னொரு பக்கம் காலை ஒன்பதரைக்கு உள்ளே போய் ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே வந்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, ஒடுகத்தூர் பஸ் கிடைக்குமா கிடைக்காதா என்று நிற்பது. ஞாயிறும் பண்டிகை முந்தின வாரமும் கேட்கவே வேண்டாம். சம்பளம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றென்றால் அவர் எங்கே போவார்?

ஆக முதல் கேள்வி நேரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். 4 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஒரு வருஷம் முடித்தவருக்கு சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, அது போக நோய் விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12. இதெல்லாம் உங்கள் தாத்தா காலத்துச் சட்டம். வருஷம் முழுக்க 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019-ல் தொடங்கி அரசு கொடுத்து வரும் அனுமதியிலும் நிபந்தனை இருக்கிறது. சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாங்குவதென்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும். அனுமதியை மட்டும் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு நிபந்தனையை மறந்த கடைகள் நிறைய.

ஷிஃப்ட் போடுங்கள் என்றால் முதலாளிகள் "ஆளே இல்லை, இதில் ஷிஃப்ட் வேறயா" என்பார்கள். ஜவுளிக்கடையில் கூட்டம் எப்போது என்பது உங்கள் பில்லிங் மெஷினிலேயே இருக்கிறது. மணிவாரியாக பில் எண்ணிக்கையை ஒரு மாசத்துக்கு எடுங்கள். காலை 11 வரை ஆள் அதிகம், வாடிக்கையாளர் குறைவு என்பதே பெரும்பாலும் வரும். பாதிப் பேர் ஒன்பதரைக்கு வந்து ஏழரைக்குப் போகட்டும். மீதிப் பேர் பதினொன்றரைக்கு வந்து மூடும்வரை இருக்கட்டும். தூரத்து ஊர்ப் பெண்கள் முதல் ஷிஃப்டில், டவுனுக்குள் இருப்பவர்கள் இரண்டாவதில். ஓய்வு நேரத்தைக் கழித்தால் பத்து மணி நேரத்துக்குள் அடங்கும், எட்டுக்கு மேல் போவதற்கு ஓவர்டைம். ஓய்வைக் கூட்டினால் அதுவும் குறையும். புதிய ஆள் ஒருவர்கூடத் தேவைப்படாமல் இதைச் செய்ய முடியும்.

அடுத்தது உட்காருவது. ஆடித் தள்ளுபடி முடிந்த ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றரை மணிக்கு உங்கள் புடவை செக்‌ஷனுக்குப் போய்ச் சும்மா நின்று பாருங்கள். வாடிக்கையாளர் வரமாட்டார்கள். பெண்கள் ரேக்கில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி இன்னொரு கால்மேல் வைத்து நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் கால் மாறும். மடித்த புடவையையே மறுபடி பிரித்து மடிப்பார்கள், சும்மா நிற்பதை சி.சி.டி.வி.யில் பார்த்து சூப்பர்வைசர் சத்தம் போடக் கூடாதே என்று. சிலர் குனிந்து கீழ் ரேக்கில் ஸ்டாக் தேடுவது மாதிரி ஒரு நிமிஷம் குந்திவிட்டு எழுவார்கள். காலில் நரம்பு சுருண்டுகொள்வது, குதிகால் வலி, இடுப்பு வலி எல்லாம் அந்த மூன்றரை மணியில்தான் ஆரம்பிக்கிறது.

பழைய கடைகளில் இது கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் வாடிக்கையாளரும் உட்காருவார், கடைக்காரரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை விசிறிப் போடுவார். கண்ணாடிக் கவுண்ட்டர் வந்தபோது மெத்தை போனது. வாடிக்கையாளருக்கு மட்டும் நாற்காலி வந்தது. விற்பவர் நின்றுகொண்டே இருப்பதுதான் மரியாதை என்று எப்போதோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகச் சேர்ந்து கேட்ட இரண்டு விஷயங்கள், உட்கார இடமும் கழிப்பறையும். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் கொண்டுவரப்பட்டது. வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு ஸ்டூல் ஆயிரம் ரூபாய்க்குள் வரும். ஸ்டூல் வாங்கிப் போட்ட பிறகும் பல கடைகளில் யாரும் உட்காருவதில்லை. ஏனென்றால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். அப்பாவோ சித்தப்பாவோ ஒருநாள் செக்‌ஷனுக்கு வந்து, எல்லார் முன்னாலும், "வாடிக்கையாளர் இல்லாதப்போ உக்காரும்மா" என்று வாயால் சொல்ல வேண்டும். மேனுவலில் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

கழிப்பறை பற்றி நீளமாக எழுத மாட்டேன். 31 பெண்களுக்கு எத்தனை, எந்த மாடியில், தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போடத் தொட்டி இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நான்காம் மாடி குடோனுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று என்றால், அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மாசம் இரண்டு பேர் நீர்க்கடுப்பு என்று லீவு கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

பணம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் கடைக்கு இ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் பி.எஃப். கணக்கு எளிதாக இருக்க ஒருவருக்கு 12,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.க்கு ஊழியர் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். மாசச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்கள் இதில் வருவார்கள். அந்த 480 ரூபாய்க்கு அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம், நோய்வாய்ப்பட்டால் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். வேலூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஒரு நோய் வந்தால் குடும்பமே கடனில் விழும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் ஊர் இது, சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் தினமும் பார்க்கிறோம். அப்படியிருக்க, இ.எஸ்.ஐ. கட்டாமல், வருஷத்துக்கு ஒருமுறை இலவச மருத்துவ முகாம் நடத்தி ஃபோட்டோ எடுத்துக்கொள்ளும் கடைகளை என்ன சொல்வது?

பி.எஃப். ஊழியர் 12 சதவீதம், அதாவது 1,440. நீங்களும் அதே 12, நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 வரும். உங்கள் பங்கில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. ஊழியர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடும் உண்டு. இதைச் சொல்லவே சொல்லாமல் பிடித்தம் மட்டும் செய்தால், "என் சம்பளத்துல கை வைக்கிறாங்க" என்றுதான் அவருக்குத் தெரியும். பாஸ்புக்கை ஃபோனில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பிடித்தத்தைப் பற்றிய பேச்சே மாறிவிடும். ஒவ்வொரு மாசமும் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். ஊழியர் பங்கைத் தாமதமாகக் கட்டினால் அந்தத் தொகையை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்போதைய நிலையை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. காட்பாடிக் கடையை அம்மா பெயரில் தனி ஃபர்மாகப் போட்டால் பி.எஃப். கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கிளைகள் எல்லாம் சேர்த்து ஒரே நிறுவனம் என்பது பி.எஃப். சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. ஒரே குடும்பம், ஒரே கொள்முதல், ஒரே கணக்குப்பிள்ளை என்றால் பெயர்ப் பலகை மாறினதைப் பார்த்து இன்ஸ்பெக்டர் திரும்பிப் போக மாட்டார். வேலைநிறுத்தம், போனஸ், கிராஜுவிட்டி பற்றிய பழைய மத்தியச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் வந்துவிட்டன. எல்லாருக்கும் வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது அதில் உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் விஷயம். உங்கள் 46 பேரில் எத்தனை பேரிடம் கடையின் பெயர் போட்ட ஒரு தாள் இருக்கிறது?

முதல் மாசச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது, ஸ்டாக் குறைந்தால் செக்‌ஷனில் இருந்த எல்லார் சம்பளத்திலும் பங்கு போட்டுக் கழிப்பது, பத்து நிமிஷம் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம். இந்த மூன்றும் வேலூர்க் கடைகளில் 'வழக்கம்' என்ற பெயரில் நடக்கின்றன. விளக்கம் கேட்காமல் அபராதம் போட கடைகள் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சம்பளத்தைப் பிடித்து வைத்தால் ஆள் நிற்பார் என்ற நம்பிக்கை தலைகீழானது. நிற்க நினைத்தவர்கூட, அந்தப் பணத்தை எப்படி வாங்குவது என்று முதல் நாளிலிருந்தே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

சம்பளத்தில் ஒரு விஷயத்தை வேலூர் முதலாளிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை, மொழி. சி.எம்.சி.க்கு வரும் வங்காள, ஜார்க்கண்ட், வடகிழக்கு நோயாளிகளால்தான் காந்தி ரோடு பக்கத்து வியாபாரம் பாதி ஓடுகிறது. அங்கே பலகைகளே வங்காளத்தில் இருக்கின்றன. பத்தாவது படித்த கணியம்பாடிப் பெண் ஒருவர் ஆறே மாசத்தில் வங்காளத்தில் விலை சொல்லி, அளவு கேட்டு, ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி எடுத்துக் கொடுக்கிறார். எந்த எம்.பி.ஏ.விலும் இதைக் கற்றுத் தர மாட்டார்கள். அவருக்கும் தமிழ் மட்டும் பேசுபவருக்கும் ஒரே சம்பளம் கொடுத்தால், ஆறு மாசத்தில் பக்கத்து லாட்ஜ் ரிசப்ஷன் அவரைக் கூட்டிக்கொண்டு போகும். மாசம் ஐந்நூறோ ஆயிரமோ மொழிப்படி என்று தனியாகப் போடுங்கள். இன்சென்ட்டிவைத் தனி ஆளுக்குக் கொடுப்பதைவிட செக்‌ஷனுக்குக் கொடுப்பது நல்லது. தனி ஆளுக்கென்றால் படியேறி வரும் வாடிக்கையாளரை மூன்று பேர் இழுப்பார்கள், வேட்டி எடுக்க வந்தவருக்கு விலை கூடிய ஷர்ட்டைத் தலையில் கட்டுவார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களைக் கேட்க உள்ளகக் குழு வேண்டும், 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தலைவர் ஒரு பெண் ஊழியர், குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 வரை அபராதம். பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதோடு முடித்துவிடாதீர்கள். சித்தப்பாவின் மச்சானே ஃப்ளோர் மேனேஜர் என்றால், அவர் மேல் ஒரு பெண் எப்படிப் புகார் கொடுப்பார் என்று யோசித்து அந்த வெளி ஆளைத் தேர்ந்தெடுங்கள். குடும்பக் கடைகளில் இந்தச் சட்டம் தோற்கும் இடம் அதுதான்.

கடைக்கு வெளியே வருவோம். பழைய வட ஆற்காட்டில் தொழிலுக்குச் சமூகப் பொறுப்பு என்ற பாடத்தை நடத்தியது சி.எஸ்.ஆர். சட்டம் இல்லை, பாலாறு. தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் கலந்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. அப்போதைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. அந்தத் தொழிற்சாலை முதலாளிகளில் பலர் பள்ளிக்கூடம் கட்டியவர்கள், கல்லூரிக்கு இடம் கொடுத்தவர்கள், தர்மத்தில் குறை வைக்காதவர்கள். நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. கேட்கப்பட்டது, உன் தொழில் நடக்கிற நடையில் யாருக்கு என்ன கெடுதல் என்பதுதான்.

உங்கள் கடையையும் அந்தக் கேள்வியால் பாருங்கள். ஜவுளிக்கடை ஆற்றைக் கெடுப்பதில்லை. ஆனால் குடியாத்தத்தில் லுங்கி நெய்து கொடுக்கும் சிறு உற்பத்தியாளருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது? தீபாவளிக்கு எடுத்த சரக்குக்குப் பொங்கல் கழித்து செக் கொடுப்பது நம் ஜவுளி வியாபாரத்தில் சர்வ சாதாரணம். அவர் அந்த இடைவெளியில் வட்டிக்கு வாங்கித்தான் நெசவாளிக்குக் கூலி கொடுக்கிறார். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். 2023-24 நிதியாண்டு முதல், தாண்டினால் கொடுக்கும்வரை அதை வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும், கேளுங்கள். என்னைக் கேட்டால், ஒரு ஜவுளிக்கடை ஊருக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய நல்லது நெசவுக்காரருக்கு நாள் தவறாமல் பணம் கொடுப்பது. அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதால் யாரும் செய்வதில்லை.

பை விஷயம் உங்களுக்கே தெரியும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம். கட்டைப்பை, மஞ்சப்பை இரண்டுமே நம் ஆட்கள் வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளும் பொருள், கடைப் பெயருக்கு இதைவிட மலிவான விளம்பரம் இல்லை. வாசலில் சாய்தளம் போடுங்கள். சி.எம்.சி. ஊரில் சக்கர நாற்காலியில் வருபவர் படியில் நின்று, சொந்தக்காரர் உள்ளே போய் ஃபோனில் புடவை காட்டிக் கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை தொழில் பழகுநர்களை எடுக்க வேண்டும். 46 பேர் என்றால் குறைந்தது ஒருவர். பெரும்பாலான கடைகளுக்கு இது தங்களுக்கும் பொருந்தும் என்பதே தெரியாது. சில்லறை விற்பனைக்கும் இதில் பயிற்சி உண்டு, உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசு கொடுக்கிறது. பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறீர்களே, அதே பள்ளியில் பன்னிரண்டாவது முடித்து மேலே படிக்க முடியாமல் நிற்கும் இரண்டு பிள்ளைகளை இப்படி எடுத்தால், ஆள் கிடைக்காத பிரச்சினையும் கொஞ்சம் தீரும்.

அன்னதானத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். சி.எஸ்.ஆர். சட்டமே உங்களுக்குப் பொருந்தாதபோது, அந்தப் பெயருக்குள் வருமா வராதா என்று கவலைப்படத் தேவையில்லை. அது உங்கள் குடும்பத்தின் தர்மம், அப்பாவின் திருப்தி. வரிச் சலுகை வேண்டுமென்றால் 80-ஜி என்று சொல்லப்படும் நன்கொடை வரிக்கழிவுப் பதிவு உள்ள அறக்கட்டளைக்கு பேங்க் வழியாகக் கொடுங்கள், 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்னதானப் பந்தலில் பரிமாற, லீவு நாளில் கடைப் பெண்களை சம்பளமில்லாமல் வரச் சொல்லும் பழக்கம் உங்கள் கடையில் இருந்தால் அதை இந்த வருஷமே விட்டுவிடுங்கள்.

மேனுவல் வேண்டாமா என்றால், நான்கு பக்கம் போதும், தமிழில். வேலை நேரம், வார லீவு எப்படி மாறி வரும், சம்பளத் தேதி, என்னென்ன பிடித்தம், லீவு யாரிடம் கேட்பது, புகார் யாரிடம் சொல்வது, வேலையை விட்டால் பாக்கிச் சம்பளம் எத்தனை நாளில் கைக்கு வரும். ஆறு மாசம் முடித்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாச நோட்டீஸோ சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது என்பதையும் எழுதுங்கள், சூப்பர்வைசர்கள் படிப்பதற்காக. எழுதி முடித்ததும் பழைய ஆட்கள் நான்கு பேரை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். "இது நடக்காதுங்க" என்று அவர்கள் சிரிக்கும் வரிகளில் முதலில் வேலையை ஆரம்பியுங்கள்.

காட்பாடிக் கடைக்கு பிளான் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் இந்த வாரமே இன்ஜினியரைப் பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் பெண்களுக்குக் கழிப்பறை, ஜன்னல் வைத்த சாப்பாட்டு அறை, கவுண்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் நுழையும் அளவுக்கு இரண்டு அடி இடைவெளி, இவற்றை பிளானில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். 50 பேரைத் தொட்டால் குழந்தைக் காப்பக வசதியும் சட்டப்படி தேவை. அதற்கும் ஓர் அறை ஒதுக்குங்கள். "அந்த இடத்துல ரெண்டு ரேக் போடலாமே" என்று சித்தப்பா சொல்வார். ஒரு புடவை செக்‌ஷன் பெண்ணுக்கு ரகமும் விலையும் முகமும் பழக ஆறு மாசம் ஆகிறது, அந்த ஆறு மாசம் முடியும் முன்னாலேயே போன வருஷம் எத்தனை பேர் போனார்கள் என்று வருகைப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.